மத்தியான வெயிலில் எடுத்த ராத்திரி

அண்ணா,

இன்று ராஜிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டினேன். தலையைத் துவட்டிவிட்டு, சட்டியில் இரண்டு தணலைப் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவிக் கூடையைக் கவிழ்த்தேன். மழைக்காகச் சமையலறை ஜன்னலைச் சாத்தியிருந்ததால் புகை போக வழியில்லாமல் இடுப்பளவுக்கு நின்றது. பிள்ளை பெற்ற எவளுக்கும் இந்த வாசனை வந்தால் குழந்தையின் ஞாபகம்தான் வரும். எனக்கு உன் படத்தில் வரும் மூடுபனி ஞாபகம் வருகிறது. அந்த அளவுக்கு என்னைக் கெடுத்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய்.

மூடுபனியாம். எல்லாம் சாம்பிராணி. உன் கம்பெனிக்குப் புகை போடும் மெஷினை வாடகைக்கு எடுக்க வக்கில்லை. நாலு இரும்புச் சட்டியில் கரியைப் பற்ற வைத்து, கிங்ஸ் சர்க்கிள் கடையில் என்னைக் கொண்டே வாங்க வைத்த சாம்பிராணியை அள்ளிப் போட்டு, அட்டையால் விசிறுவீர்கள். “மலைச்சரிவுல ஒரு பங்களா, சுத்தி ஒரு மனுஷா இல்லை, பனி இறங்கறது” என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாய். அதைத் திரையில் பார்க்கிறபோதெல்லாம் அந்த வீட்டில் யாரோ இப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றும்.

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதை அப்போதே எழுதியிருக்க வேண்டும். கோபமாக இருந்ததால் எழுதவில்லை. போனவன்மேல் கோபம் வைத்துக்கொள்ளக் கூடாது என்று அம்மா சொல்கிறாள். போகிறவன் பேசித் தீர்த்துவிட்டுப் போக வேண்டும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

முதலில் நீ அந்தத் தொழிலுக்குப் போனதே எனக்குப் பிடிக்கவில்லை. செம்பூரில் அப்பா பத்துப் பேரைப் பார்த்து வாங்கிக் கொடுத்த குமாஸ்தா வேலையை ஆறு மாசம் பார்த்தாய். “டைப் அடிச்சு அடிச்சு விரல் தேஞ்சுடுத்து” என்று விட்டுவிட்டு ஹிந்திப் படக் கம்பெனியில் உதவி டைரக்டராகச் சேர்ந்தாய். நல்ல கம்பெனி என்றாலாவது சொல்லிக்கொள்ளலாம். ஒரு பூட்டிய பங்களா, ஒரு வெள்ளைப் புடவை, இருபது நாள் படப்பிடிப்பு. அவ்வளவுதான் அவர்கள் கையில் இருந்தது. ராத்திரியில் விளக்குப் போட்டு எடுக்க ஜெனரேட்டர் கிடையாது என்பதால் எல்லா ராத்திரிக் காட்சியையும் உச்சி வெயிலில் எடுப்பீர்கள். லென்சுக்கு முன்னால் ஒரு சிவப்புக் கண்ணாடியை வைத்தால், கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல வானம் கறுத்துவிடுமாம். நீதான் எனக்குச் சொன்னாய். நானும் உட்கார்ந்து கேட்டேன், என் புத்தி.

உன் முதல் படத்தை என்னோடுதான் போய்ப் பார்த்தாய். அப்போது ராஜி வயிற்றில் ஐந்து மாசம். அந்த மாதிரிப் பேய்ப் படத்துக்கு அந்த நிலையில் கூட்டிப் போகாதே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அம்மா பயப்பட்டிருக்க வேண்டாம். அந்தப் படத்தில் பயப்பட ஒன்றுமே இல்லை. பத்து வருஷம் பூட்டிக் கிடந்த வீட்டுக்குள் கதாநாயகி நுழைகிறாள், மாடிப்படி நெடுக மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கிறது.

“யாரு ஏத்தினா?” என்று உன் காதில் கேட்டேன்.

“பேய்.”

“பேய்க்கு வெளிச்சம் எதுக்கு?”

“சும்மா இருடீ.”

பிறகு அவள் ராத்திரி ஒரு மணிக்குத் தோட்டத்தில் ஓடினாள். அவள் நிழல் அவள் காலடியிலேயே சுருண்டு கிடந்தது. அதையும் சொன்னேன். “யாரு காலைப் பாக்கறா?” என்று சீறினாய். “நான் பாத்தேனே” என்றேன்.

அப்புறம் தொட்டில் காட்சி வந்தது. ஆள் இல்லாத அறையில் தொட்டில் தானாக ஆடுகிறது, தாய் ஓடி வந்து குழந்தையை வாரி எடுக்கிறாள். எடுத்த வேகத்தில் துணி விலகி, செல்லுலாய்ட் பொம்மையின் கை விறைப்பாக வெளியே நீட்டிக்கொண்டது. முன்வரிசையில் ஒருவன் “அரே, பொம்மைடா” என்று ஹிந்தியில் கத்தினான். அவ்வளவுதான். தியேட்டர் முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன், ஐந்து மாச வயிறு குலுங்க. திரும்பிப் பார்த்தால் நீ நாற்காலியில் கழுத்து வரைக்கும் இறங்கியிருந்தாய்.

வெளியே வந்து ஸ்டேஷனுக்கு நடந்தோம். டிக்கெட் ஜன்னலில் நின்றுகொண்டு, “பேயை நம்ப வேண்டாம். அந்த அம்மாவை நம்பணும். அவளை நம்பிட்டா மத்தது எல்லாம் தானா வரும்” என்றாய். பின்னால் வரிசையில் நின்ற மராட்டிக்காரர் உன் தோளைத் தட்டி நகரச் சொன்னார்.

அன்றிலிருந்து என்னை விடவில்லை. ராஜி பிறந்த பிறகு ஞாயிற்றுக்கிழமை தோறும் செம்பூரிலிருந்து ரயிலேறி, குர்லாவில் மாறி, மாட்டுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் ஒரு கையில் குழந்தையும் ஒரு கையில் கரண்டியுமாக நிற்கிற நேரம் பார்த்து, நீயே டைரக்ட் பண்ணப் போகிற அடுத்த படத்தின் நோட்டைப் பிரிப்பாய்.

“நீ தனியா இருக்கே. குழந்தை தூங்கறது. வெளில ஏதோ சத்தம். முதல்ல என்ன பண்ணுவே?”

“விசாலம் மாமியைக் கூப்பிடுவேன்.”

“விசாலம் மாமி கிடையாது. சுத்தி எட்டு மைலுக்கு யாருமே கிடையாது.”

“அப்ப நான் எதுக்கு அங்க போனேன்?”

“கதைடீ.”

“எட்டு மைலுக்கு ஆள் இல்லாத இடத்துக்கு எவ கைக்குழந்தையை எடுத்துண்டு போவா? அவளுக்குப் பிறந்தகம் இல்லையா?”

எதிர் வீட்டு விசாலம் மாமியின் கதவும் எங்கள் கதவைப் போல எப்போதும் திறந்துதான் இருக்கும். அங்கிருந்தே குரல் வரும். “பேய் வந்தா என்கிட்ட அனுப்புடீ. எங்காத்து மாமாவோட முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியாச்சு, எனக்கு ஒண்ணும் புதுசு இல்லை.”

நான் கேட்ட கேள்வி ஒன்றேயொன்று உன்னை நிஜமாகவே உலுக்கியது. “அந்த வீட்டுக்குப் பால் எங்கேர்ந்து வர்றது?” விடியுமுன் கார்டை எடுத்துக்கொண்டு பால் சென்டரில் வரிசையில் நிற்கிறவள் நான். காட்டுக்குள் குழந்தையோடு பத்து நாள் இருக்கிற ஒருத்தியைப் பார்த்தால் எனக்கு வேறென்ன தோன்றும்? நீ பென்சிலைக் கடித்துவிட்டு அதை நோட்டில் எழுதிக்கொண்டாய். மறு வாரம் வந்து, கதையில் ஒரு பால்பவுடர் டப்பா சேர்த்துவிட்டதாகவும், அது நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருவதாகவும், பேயைவிட அதுதான் பயமாக இருப்பதாகவும் சொன்னாய். அன்றைக்கு உன் முகத்தைப் பார்த்து எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. அந்தப் பெருமைதான் என்னை ஏமாற்றியது.

“ராஜியை ரெண்டே ரெண்டு நாள் குடு” என்று கேட்டாய். அவளுக்கு அப்போது எட்டு மாசம். “தொட்டில்ல படுத்துண்டிருந்தாப் போறும். நீயும் கூட இருக்கப் போறே. பகல் வேலைதான், ராத்திரி படுக்க ஊருக்கு இறங்கிடலாம்.”

முடியாது என்றேன். மறுபடி கேட்டாய். முடியாது என்றேன். இவரிடம் போய்க் கேட்டாய். இவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “உங்க அண்ணாவாச்சு, நீயாச்சு” என்று பெரிய மனசு பண்ணிவிட்டார். கடைசியில், “மறுபடியும் பொம்மையை வெச்சுச் சிரிக்க விடப் போறியா?” என்றாய். நான் சிரித்ததை நீ பார்த்திருக்கிறாய் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. சரி என்று சொல்லிவிட்டேன்.

கர்ஜத்தில் ரயிலை விட்டு இறங்கி ஜீப்பில் ஒரு மணி நேரம். காய்ச்சி ஆற வைத்த தண்ணீர் ஆறு பாட்டில், க்ரைப் வாட்டர், வசம்பு, இருபத்திரண்டு இடுப்புத் துணி என்று நான் கட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துக் கேமராக்காரர்கூடச் சிரித்தார். நீயும் சிரித்தாய். வழியில் ஜீப்பை நிறுத்தி ஓடைத் தண்ணீரை அள்ளிக் குடித்துவிட்டு, “என்ன ருசி” என்றாய். வேண்டாம் என்று சொல்லச் சொல்ல இரண்டாம் தடவையும் குடித்தாய்.

பங்களாவைப் பற்றி நான் குறை சொல்ல முடியாது. ஓடு சரிந்து, திண்டுக் கல்லெல்லாம் பாசி பிடித்து, நீ சொன்ன மாதிரியேதான் இருந்தது. எனக்கு ஒத்துக்கொள்ளாதது அந்த அமைதிதான். பம்பாயில் பிறந்து பம்பாயிலேயே வளர்ந்தவள் நான். ரயில் சத்தமும் குழாய்ச் சத்தமும் பக்கத்து வீட்டு ரேடியோவும் இல்லாத ஓர் இடத்தில் அதுவரை ஒரு மணி நேரம்கூட இருந்ததில்லை. காது அடைத்துக்கொண்டதோ என்று இரண்டு தரம் விரலை விட்டுப் பார்த்தேன்.

தாயாக நடித்த பெண் கிர்காமிலிருந்து வந்த மராட்டிக்காரி. இருபது வயசு இருக்கும், கல்யாணம் ஆகாதவள், தங்கமான பெண். ராஜியை ஏந்திக்கொள்ளச் சொன்னால் பாயசம் நிறைந்த உருளியை வாங்குகிற மாதிரி இரண்டு கையையும் நீட்டினாள். அன்று காலை முழுக்க எடுத்தது ஒரே காட்சி. அவள் வராந்தாவுக்கு வருகிறாள், தொட்டில் காலியாக இருக்கிறது, பார்க்கிறாள். பார்த்ததும் கன்னத்தில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வீறிட்டாள். நிறுத்தச் சொன்னாய். மறுபடி வீறிட்டாள். ஏழு தடவை. ஒவ்வொரு தடவையும் என் இடுப்பில் இருந்த ராஜியும் சேர்ந்து வீறிட்டாள்.

“கரப்பான்பூச்சியைப் பாத்தா மாதிரி கத்தறாடீ” என்று என்னிடம் வந்து தலையைப் பிய்த்துக்கொண்டாய். “நீயா இருந்தா என்ன பண்ணுவே?”

“எனக்குத் தெரியாது. நினைச்சுப் பாக்கக்கூட மாட்டேன். வேற ஏதாவது கேளு.”

மத்தியானம் சாப்பிட எல்லோரும் வாசல் பக்கம் மரத்தடிக்குப் போனார்கள். ராஜி அந்தத் தொட்டிலிலேயே தூங்கிப் போயிருந்தாள். பின்வராந்தாவிலிருந்து இருபது அடியில் கிணறு. நனைந்த துணிகள் ஒரு குவியல் சேர்ந்திருந்தது. நான் அவற்றை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். இறங்கும்போது, வீட்டில் தினமும் சொல்கிறபடி, “கொஞ்சம் பாத்துக்கோங்கோ, இதோ வந்துடறேன்” என்று குரல் கொடுத்துவிட்டுப் போனேன்.

யாரிடம் சொன்னேன் என்று நீ அப்புறம் கேட்டாய். யாரிடமும் இல்லை. எங்கள் பில்டிங்கில் யாரும் யாரிடமும் குறிப்பிட்டுச் சொல்வதில்லை. துணி உலர்த்த மாடிக்குப் போகிறவள், தபால்காரனைப் பார்க்க இறங்குகிறவள், நடையில் நின்று ஒரு குரல் கொடுத்துவிட்டுப் போவாள். நாலு கதவும் திறந்திருக்கும். யாராவது ஒருத்தி “ஆகட்டும்” என்பாள். யார் சொன்னது என்றுகூடத் திரும்பிப் பார்க்க மாட்டோம். அப்படிப் போட்டுவிட்டுப் போன குழந்தைக்கு இதுவரைக்கும் ஒரு குறையும் வந்ததில்லை. எட்டு மைலுக்கு ஆள் இல்லாத காட்டில், பாசி பிடித்த வராந்தாவைப் பார்த்து நான் அப்படிச் சொல்லிவிட்டுப் போனேன். பதில் வந்ததா என்று நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் பயப்படுகிறவள், மெழுகுவத்தியைக் கேள்வி கேட்டவள், அங்கே நிற்கவில்லை.

அலசிப் பிழிந்துகொண்டு வந்தேன். தொட்டில் காலியாக இருந்தது.

நான் கத்தவில்லை. கத்த வேண்டும் என்று தோன்றவே இல்லை. உள்ளே கையை விட்டுத் தடவினேன். துணி சூடாக இருந்தது. தொட்டிலுக்கு அடியில் பார்த்தேன். கசங்கியிருந்த விரிப்பை எடுத்து உதறி, நாலாக மடித்து, மறுபடி உள்ளே வைத்தேன். பிறகு ஈரத் துணிகளை ஒவ்வொன்றாக உதறி அங்கே கட்டியிருந்த கயிற்றில் போட்டேன். ஓரம் ஓரமாக இழுத்துச் சரி பண்ணினேன். எதற்கு என்று கேட்டால் இப்போதும் எனக்குச் சொல்லத் தெரியாது. நான் பாட்டுக்கு என் வேலையைச் செய்துகொண்டிருந்தால், குழந்தையும் இருக்க வேண்டிய இடத்தில் இருந்துவிடும் என்று நினைத்தேனோ என்னவோ. கடைசித் துணியைப் போட்டதும் கிணற்றைத் திரும்பிப் பார்த்தேன். எட்டு மாசக் குழந்தை, தவழ்ந்து படியிறங்கி அவ்வளவு தூரம் போகாது என்று எனக்குத் தெரியும். நான் இத்தனை நேரம் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன் என்பதும் தெரியும். இருந்தும் போனேன். கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீரில் என் தலைதான் தெரிந்தது.

அப்போதுதான் உனக்குக் கதவைத் திறக்கத் தோன்றியது.

ராஜி அழுதிருக்கிறாள், கிணற்றடியில் தண்ணீர்ச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை; சாப்பிடப் போகாமல் தங்கியிருந்த நீ உள்ளே எடுத்துப்போய்ச் சமாதானப்படுத்தினாய். அது வரைக்கும் சரி. நான் வருவதை ஜன்னல் மரச்சட்ட இடுக்கு வழியாகப் பார்த்தாய். குழந்தை உன் தோளில். ஒரு வார்த்தை, “இங்க இருக்கா” என்று ஒரே வார்த்தை. அதைச் சொல்லாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். நான் கிணற்றுக்குப் போகிறவரைக்கும்.

வெளியே வந்தபோது உன் கண் பளபளவென்று இருந்தது. “நீ கத்தவே இல்லைடீ” என்றாய். “துணியை உலர்த்தினே. நான் ஜன்மத்துல இதை யோசிச்சிருக்க மாட்டேன்.”

நான் ராஜியை வாங்கிக்கொண்டேன். “ஜீப்பைக் கூப்பிடு” என்றேன். காட்சி இருக்கிறதே, குழந்தை வேண்டுமே, பணம் போட்ட சேட் என்ன சொல்வார் என்றெல்லாம் பின்னாலேயே வந்து சொன்னாய். அந்த மராட்டிப் பெண் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, என் துணிகளைக் கயிற்றிலிருந்து எடுத்து ஈரத்தோடு மடித்துக் கொடுத்தாள். ஜீப்பில் நீயும் ஏறிக்கொண்டாய்.

“அரை நிமிஷம்கூட இருக்காதுடீ.”

“பத்து நிமிஷம்.”

“கடபட் பண்ணிக் கணக்கைக் கூட்டாதே. பத்து நிமிஷம் யாராவது நிப்பாளா?”

அதற்குப் பிறகு உன்னோடு நான் பேசவில்லை. எட்டு மாசம்.

நீ வராமல் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்தாய். நான் சமையலறையை விட்டு வர மாட்டேன். நீ கூடத்தில் இவரோடு உட்கார்ந்து ஒரே பேப்பரை ஆளுக்குப் பாதி பிரித்துப் படிப்பாய். ராஜி தவழ்ந்து உன் மடியில் ஏறினால் நான் வந்து வாங்கிக்கொண்டு போவேன். “கூடப் பிறந்தவன்டீ” என்பாள் விசாலம் மாமி. “அதனாலதான் மாமி” என்பேன். காபி மட்டும் கொடுத்தனுப்புவேன், சர்க்கரை சரியாகப் போட்டு. காபியிலும் கோபத்தைக் காட்டியிருந்தால் நீயாவது சண்டைக்கு வந்திருப்பாய்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. எந்த ஓடையில் எந்தக் காட்டில் குடித்த தண்ணீரோ, யார் கண்டார். ஆறு பாட்டில் கொண்டு வந்தவளைப் பார்த்துச் சிரித்தாயே என்று ஆஸ்பத்திரிப் படியேறும்போதுகூட எனக்கு ஆத்திரம்தான் வந்தது. கண்ணெல்லாம் மஞ்சளாக, கட்டிலோடு கட்டிலாகக் கிடந்தாய். நான் மோர் கொடுக்கலாமா என்று நர்ஸைக் கேட்டேன், தலையணை உறையை மாற்றினேன், அம்மாவை அதட்டிச் சாப்பிட அனுப்பினேன். உன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

“படம் வந்தா பாருடீ” என்றாய்.

“பேசாதே. தூங்கு.”

நான் உன்னிடம் கடைசியாகச் சொன்னது அது. எட்டு மாசத்துக்கு அப்புறம் சொன்னதும் அதுதான்.

படம் நீ போய் ஒரு வருஷம் கழித்து வந்தது. தாதரில் ஒரே ஒரு வாரம் ஓடியது. மாட்னி ஷோவுக்கு இவரையும் இழுத்துக்கொண்டு போனேன். சாம்பிராணிப் பனி இருந்தது. மத்தியான வெயில் ராத்திரியாக வந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் திறந்த வெளியில் ஓடவில்லை. காட்சியெல்லாம் வராந்தா நிழலிலும் மரத்தடியிலுமாக நடந்தது. காலடி நிழல் எங்கேயும் தெரியவில்லை. பால்பவுடர் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டி, கடைசிப் பொடியைக் கரண்டியில் வழித்து எடுத்தாள் அந்தப் பெண்.

தொட்டிலில் பொம்மைதான். நான்தான் ராஜியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேனே. நன்றாகவே தெரிந்தது பொம்மை என்று. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முன்வரிசையைப் பார்த்தேன், இதோ கத்தப் போகிறான் என்று. அவள் வராந்தாவுக்கு வந்தாள். தொட்டில் காலி. கத்தவில்லை. விரிப்பை உதறி நாலாக மடித்து வைத்தாள். துணிகளை ஒவ்வொன்றாகக் கயிற்றில் போட்டு ஓரத்தை இழுத்துச் சரி பண்ணினாள். பீடி பற்ற வைக்கப் போனவன் குச்சியைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். சரி, என்னைத் திருடியாயிற்று, நன்றாகவே திருடியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் வந்ததைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை. காட்சி உள் அறைக்குப் போனது. ஜன்னல் மரச்சட்டத்துக்குப் பின்னால் வீட்டு வேலைக்காரக் கிழவன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்கிறான். அவன் முகத்தைக் காட்டவில்லை. காலைத்தான் காட்டினாய். கதவை நோக்கி ஓர் அடி வைக்கிறான், நிற்கிறான், பின்னால் எடுக்கிறான். மறுபடி ஓர் அடி. மறுபடி பின்னால். அவ்வளவுதான், படம் வேறு எங்கோ போய்விட்டது. கதையில் அவனைப் பற்றி ஒரு விளக்கமும் கடைசிவரை வரவில்லை.

“இவன் எதுக்கு நிக்கறான்? வெளில வந்து குடுக்க வேண்டியதுதானே” என்றார் இவர்.

“தெரியலை” என்றேன்.

வீட்டுக்கு வந்தும் எனக்குத் தெரியவில்லை. நீ அப்படித்தான் நின்றாயா? இரண்டு தடவை வர நினைத்து, இரண்டு தடவையும் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டாயா? அதை என்னிடம் சொல்ல வாய் வராமல் படத்தில் வைத்தாயா? அல்லது அதுவும் நன்றாக இருக்கும் என்று தோன்றி வைத்ததுதானா? உன் விஷயத்தில் எதையும் நிச்சயமாகச் சொல்ல முடிந்ததில்லை. ஒரு மனுஷன் மன்னிப்புக் கேட்டால் கேட்ட மாதிரி இருக்க வேண்டாமா? மறுநாள் தனியாகப் போய் இன்னொரு தடவை பார்த்தேன். அவள் வந்து தொட்டிலைப் பார்ப்பதிலிருந்து கிழவன் கால் மறைகிறவரைக்கும் மனசுக்குள் எண்ணினேன். ஒரு நிமிஷத்துக்குக் கொஞ்சம் கூட. பத்து நிமிஷம் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன், அப்பாவிடம்கூட. அரை நிமிஷம் என்று நீ சொன்னதும் பொய்தான். வெள்ளிக்கிழமை படத்தைத் தியேட்டரிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

போன வியாழக்கிழமை ஒன்று நடந்தது. நடந்தது என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. ராஜிக்கு மூணு வயசு ஆகப் போகிறது. நாள் பூரா ஒளிந்து விளையாட்டுத்தான். எப்போதும் அவள்தான் ஒளிவாள், பாதி உடம்பு திரைக்கு வெளியே தெரிய. அன்று, “அம்மா ஒளி” என்றாள். சரி என்று படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் நின்றேன். கீல் இடுக்கு வழியாக அவள் தெரிந்தாள்.

சிரித்துக்கொண்டேதான் வந்தாள். கட்டிலுக்கு அடியில் பார்த்தாள். சமையலறையில் பார்த்தாள். “அம்மா” என்று ஒரு தடவை கூப்பிட்டாள். பிறகு கூப்பிடவில்லை. கூடத்து நடுவில் வந்து நின்றாள். அவள் முகத்தில் சிரிப்பு எப்போது போயிற்று என்று கவனிக்கவில்லை. வாசலில் என் செருப்பு ஒன்று ஒரு பக்கமும் ஒன்று ஒரு பக்கமுமாகக் கிடந்தது. போய் இரண்டையும் எடுத்து ஜோடியாகச் சேர்த்து வைத்தாள். நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்த்து, ஒன்றை ஒரு விரலால் தள்ளிச் சரி பண்ணினாள்.

என் கால் முன்னால் போயிற்று. ஆனால் நான் போகவில்லை. அந்த முகத்தை அவள் எனக்குக் காட்டியதே இல்லை, நான் எதிரில் இருக்கிறவரை காட்டவும் முடியாது. நான் இல்லாத இடத்தில் எனக்காக ஒருத்தி அப்படி நிற்பதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்னை இவ்வளவு வேண்டியிருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு நிமிஷம் இருக்குமோ, அரை நிமிஷமோ, நான் எண்ணவில்லை.

பிறகு வெளியே வந்தேன்.

ராஜி ஓடி வந்து என்னை அடித்தாள். இரண்டு கையாலும், தொடையிலும் இடுப்பிலுமாக, நிஜமாகவே வலிக்கும்படி அடித்தாள். கை ஓய்ந்ததும் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பத்து எண்ணுவதற்குள் எல்லாம் தீர்ந்துவிட்டது. மறுபடி ஒளி என்றாள். மாட்டேன் என்றேன்.

அன்றைக்கு அந்த வராந்தாவில் வைத்து நானும் உன்னை இரண்டு அடி அடித்திருக்க வேண்டும், அண்ணா. நீ வாங்கிக்கொண்டிருப்பாய். ஜீப்பைக் கூப்பிடு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உனக்குச் சேர வேண்டிய அடி இன்னும் என் கையிலேயே இருக்கிறது.